இளகிக் கிடந்த ஆறு கம்பி

சனி இரவு, மருதமுனை

புதுக் கிட்டாரின் கம்பிகள் மரத்தை விட்டு உயர நின்றதால் அழுத்த அழுத்த விரல் நொந்தது. அதனால் நேற்று அதன் கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கோலை நானே அலன் கீயால் கால் சுற்று இறுக்கினேன். போனில் வீடியோ பார்த்துப் பழகிய கைதான். சத்தம் நல்லாக வந்தது.

இன்று அஸர் தொழுதுவிட்டு வந்து எடுத்தால் ஆறு கம்பியும் தொய்ந்து கிடக்கிறது. கோலை உடைத்துவிட்டேன் என்றே நினைத்தேன். கழுத்தைத் தடவித் தடவி வெடிப்புத் தேடினேன். தறியில் நெய்துகொண்டிருந்த என் மனுசியிடம் சொல்ல வாய் வரவில்லை. கிட்டார் வாங்கியதற்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்குப் பிடிக்கவில்லையோ என்று ஒரு கிழமையாக எனக்கு உறுத்துகிறது.

அவளே எழும்பி வந்தாள். "என்ன மச்சான் தேடுறீங்க? நான்தான் இளக்கி வெச்ச. வேல முடிஞ்சா தறியில இழுத்துக் கட்டின பாவு நூல இளக்கித்தானே விடுவம், இல்லாட்டி அறுந்திரும்."

"இத அப்பிடி இளக்கத் தேவல்ல புள்ள."

"எனக்கென்ன தெரியும்? நீங்க ஆசப்பட்டு வாங்கின சாமான், பழுதாப் போகக்கூடாதெண்டு செஞ்ச."

அல்ஹம்துலில்லாஹ். கோலும் உடையவில்லை. மற்றதும் நான் நினைத்த மாதிரி இல்லை.

திரும்ப இறுக்கிக் காதுக் கணக்கில் சுருதி சேர்த்தேன். பக்கத்தில் இருந்தவள் பாவு நூலைத் தட்டிப் பார்ப்பது போல ஒவ்வொரு கம்பியாகத் தட்டிக்கொண்டு வந்து மூன்றாவதில் நிறுத்தினாள்.

"இது மட்டும் இறுக்கம் காணாது."

போனில் சுருதி காட்டும் ஆப்பை வைத்துப் பார்த்தேன். காணாதுதான்.