புகை லொறி ஈச்சிலம்பற்றுக்குப் போகிறது

அன்பு நானா,

உங்களைக் கொன்றது நீங்கள் ஓட்டிய மீனவர் சங்கத்து ஐஸ் லொறி. ஜனாஸா அடக்கத்துக்கு வந்த சங்கத் தலைவர் மாரடைப்பு என்றார், எல்லோரும் தலையாட்டினார்கள். இறக்கக்கண்டிக் கரையில் மீன் தோணிகளுக்காகக் காத்திருந்தீர்கள். குளிர்ப்பெட்டி நின்றுவிடக் கூடாது என்று எஞ்சினை ஓட விட்டு, மழைக்குக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, சீற்றிலேயே கண்ணயர்ந்தீர்கள். கால்மாட்டு ஓட்டை வழியாகப் புகை உள்ளே வந்தது. அடுத்த கிழமையே அந்த ஓட்டையில் தகடு அறைந்தார்கள். மாரடைப்பு என்றால் தகடு எதற்கு?

இப்போது சங்கம் சுத்தமாகப் போகிறதாம். பத்து வருடத்தில் எல்லா வாகனமும் மின்சாரத்தில் ஓடுமாம். திட்டம் எழுதும் வேலை, சங்க அலுவலகத்தில் இருக்கும் உங்கள் தம்பி என் தலையில் விழுந்தது. மோசமாகப் புகைக்கிற வாகனம்தான் முதலில் கழிய வேண்டும் என்று எழுதினேன். முதல் வரியில் உங்கள் லொறி.

தலைவர் வாசித்துவிட்டுச் சிரித்தார்.

"என்ன தம்பி, காசு தாறவங்க வந்தா லொறியையா படம் எடுப்பாங்க? முதல்ல எனக்கும் மனேஜருக்கும் புதுக் கார் வரட்டும்."

"அப்ப லொறி?"

"அத ஈச்சிலம்பற்றுக் கிளைக்கு அனுப்புவம். அங்க நல்லாக் காத்தடிக்கும், புகை நிக்காது."

சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். டவுனில் கால் உடைந்த கதிரை, சுற்றாத ஃபேன், எல்லாம் கிளைக்குத்தான் போகும். கிளைக்காரர் நன்றி சொல்லவும் வேண்டும். இந்த ஈனத்தனத்துக்கு இப்போது பசுமை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தலைவரின் கார் புகைக்காது. உங்கள் சீற்றில் வேறொருவன் இருப்பான்.

அவன் சிவநேசன். உங்களோடு மீன் ஏற்றி இறக்கியவன், இப்போது அங்கே டிரைவர். லொறியைப் பார்க்க வந்தவன், கழன்று கிடந்த தகட்டைக் காலால் தட்டினான்.

"உன்ட நானாட ஆவிக்கு எனக்குப் பயமில்லடா. இந்தப் புகைக்குத்தான்."

"ஓட்ட ஏலாது எண்டு சொல்லன்."

"சொல்லிட்டு? என்ட புள்ளைக்கு நீயா பால்மா வாங்கித் தருவாய்?"

நீங்களும் இந்த ஓட்டையைப் பற்றி யாரிடமாவது சொல்லிப் பார்த்தீர்களா, நானா?

அவர்கள் கேட்டபடி திட்டத்தை மாற்றி எழுத மாட்டேன், நானா. லொறி புறப்படும் அன்று சங்கத்து வாசலில் அதன் முன்னால் நிற்பேன். வேலை போனால் போகட்டும்.

நேற்றுக் கூட்டத்தில், காசு தருகிறவர்களுக்கு முன்னாலேயே லொறிச் சாவியை எடுத்து மேசையில் வைத்தேன்.

"தலைவர், லொறி நல்லம் எண்டா நீங்களே ஈச்சிலம்பற்றுக்கு ஓட்டிட்டுப் போங்க. கண்ணாடிய ஏத்திட்டு ஓட்டுங்க. ஏலாதெண்டா அத இண்டைக்கே உடைக்கக் குடுங்க."

ஒருவரும் அதை எடுக்கவில்லை. சாவி இன்னும் அந்த மேசையில்தான் கிடக்கிறது.

உங்கள் தம்பி,
கிண்ணியாவிலிருந்து