சேனை பூத்த அன்று மதிலேறி வந்தவள்

கிணற்றடியில் சேனை பூத்திருக்கிறது. குழித்துறைச் சந்தையில் நீ வாங்கித் தந்த கிழங்கின் வழிவந்ததுதான். கோடைமழைக்கு மறுநாள், இலைக்கு முன்பாகப் பூ மட்டும் மண்ணைப் பிளந்து எழுந்து, கருஞ்சிவப்பாக விரிந்து, அழுகிய மாமிசம்போல நாறுகிறது. வண்டுகளை ஏமாற்றுவதற்கான நாற்றம். இம்முறை ஏமாந்தது வண்டுகள் மட்டுமல்ல.

நேற்றுக் காலை கதவை யாரோ உடைப்பதுபோலத் தட்டினார்கள். காதுக்கருவியைத் தேடி மாட்டிக்கொண்டு திறந்தேன். வெளிக்கதவு பூட்டியிருந்ததால் பக்கத்து வீட்டுப் பெண் மதிலேறிக் குதித்திருந்தாள், முழங்கையில் சிராய்ப்பு. என்னைக் கண்டதும் படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

"டீச்சரே, இருக்கியளா? ரெண்டு நாளா வெளிய காணல்ல. நாத்தமும் வந்துது. நான் பேடிச்சுப் போனேன்."

"நான் சாகல்ல. சேனை பூத்திருக்கு," என்றேன். அது போதாதென்று தோன்ற, கொஞ்சம் கனிவாக, "எழும்பு, ஷீபா," என்றேன்.

"ஷீபா முந்தி இங்க வாடகைக்கு இருந்தவ, டீச்சரே. நான் ஜெஸ்ஸி. மூணு தடவ சொல்லியாச்சு."

கண்ணைத் துடைத்தபடி சொன்னாள். அதில் குறைகூடத் தொனிக்கவில்லை. கூசிப்போனேன்.

திருவட்டாற்றுப் பக்கம் நாம் மாணவிகளை அழைத்துச் சென்றது நினைவிருக்கிறதா? ரப்பர் தோட்டத்துச் சரிவில் இதே பூவின்முன் நின்று, கீழே பெண்பூ, மேலே ஆண்பூ என்று அமார்போஃபாலஸ் பியோனிஃபோலியஸ் என்ற தாவரவியல் பெயரோடு அதன் குலம் கோத்திரத்தை ஒப்பித்துக்கொண்டிருந்தேன். நீ முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு குறுக்கிட்டாய்.

"ஏட்டி, நம்ம பஸ் டிரைவர் காலையில இருந்து ஒண்ணும் தின்னல்ல. அவருக்க பேரு தெரியுமா ஒனக்கு?"

தெரியாது.

"செடிக்கு ரெண்டு பேரு தெரியும். மனுசனுக்கு ஒண்ணு தெரியாது."

மாணவிகள் சிரித்தார்கள். அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. வெட்கம் வந்துசேர இத்தனை காலம் பிடித்திருக்கிறது.

என் வீட்டின் மாற்றுச் சாவி உன்னிடம்தான் இருந்தது. உன் அடக்கம் முடிந்ததும் உன் மகன் திருப்பித் தந்தான். அதை வாங்கிக்கொள்ள வேறு ஆளில்லாத நிலைக்கு, சுதந்திரம் என்று நானாக ஒரு பெயர் வைத்துக்கொண்டேன். நேற்று மாலை அந்தச் சாவியுடன் பக்கத்து வீட்டுக்குப் போனேன். இருபதடி தூரம்கூட இல்லை. உன் கேள்வியும் கூடவே வந்தது. வாசலில் நின்று, வாய்மொழித் தேர்வுக்கு வந்தவளைப்போலப் பெயரை மனத்துக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். பிறகு கூப்பிட்டேன்.

"ஜெஸ்ஸி."

அவள் திருத்தவில்லை.