நாலாம் இலக்கப் போத்தல்

1934 ஜூன் 4, திங்கள்
இவ்வளவு பிந்தி எழுதுவதற்கு மன்னித்துக்கொள், நாட்குறிப்பே. என் பாப்பா இப்போதுதான் தூங்கினாள்.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து மருதாயி, பாப்பாவுக்குத் தேய்க்கத் தேங்காயெண்ணெய் கொண்டுவந்தாள். தவிட்டு நிறப் போத்தல். அடியில் கீறிய "4". நான் கீறியது! கல்யாணத்துக்கு முன் வேலை பார்த்த கல்லூரி ரசாயனக் கூடத்தில் கழிவுகளைப் பிரித்து இலக்கமிட்டவள் நானேதான். ஒன்று அமிலம், இரண்டு காரம், மூன்று வெள்ளி. நாலு — பாதரச உப்பு. நஞ்சு.

"எங்க வாங்குன?"

"மக்கீன் முதலாளி கடையில, டொக்டரம்மா. பழைய போத்தல். சாம்பல் போட்டு மூணு தடவ கழுவுனேன். எம்புள்ளைக்கு ஒரு வாரமா இதுலதான் தேய்க்கிறேன்."

பாப்பா மேல் ஒரு துளியும் படவில்லை. அவள் பிள்ளை?

ஜூன் 5
எண்ணெயை வடித்துவிட்டு, வினாகிரிக் காடி ஊற்றிப் போத்தலை அலசி, துலக்கிய செப்புச் சதக் காசொன்றை அந்த நீரில் போட்டேன். மத்தியானம் சதம் வெள்ளையாக மினுங்கியது. செம்பின் மேல் படிந்தது பாதரசமேதான்.

"அட, சதத்த ரூபாயாக்கிட்டீங்களே! எங்க வீட்டுச் சதத்தையும் கொண்டாரவா?" என்றாள் மருதாயி. காரணம் சொன்னதும் முகம் வாடிவிட்டது.

தோட்டத்து மருந்தகத்தைப் பார்க்கும் டிஸ்பென்சரான என் வீட்டுக்காரர் மருதாயியின் பிள்ளையைப் பார்த்தார். தொடையில் தடிப்பு; வாயில் புண் இல்லை, நஞ்சு உள்ளே ஏறவில்லை. "நேரத்தோட புடிச்சிட்ட. பயப்படாத."

ஜூன் 6
எண்ணெயை எங்கே ஊற்ற? ஓடையிலா? லயமே அதைத்தானே குடிக்கிறது! சாடியில் அடைத்து டிஸ்பென்சரி நச்சு அலுமாரியில் பூட்டினேன்.

ஜூன் 9
இரத்தினபுரிக்கு, மக்கீன் முதலாளியின் பழைய போத்தல் கடைக்குப் போனேன்.

"போத்தலுக்கு அடியப் பாத்தா வாங்குவாங்க, தங்கச்சி?" — மக்கீன் முதலாளிக்குச் சிரிப்பு. வெளுத்த சதத்தைக் காட்டினேன். அவரே சாக்குகளைக் கவிழ்த்தார். நாலாம் இலக்கம் இன்னும் ஐந்து அகப்பட்டன. கல்லூரி விற்ற காலிப் போத்தல்களில் இப்படி மொத்தம் எத்தனை வந்தன என்பது அவருக்கும் தெரியாது.

பிழை என்னுடையது. இலக்கத்தைக் கண்ணாடியில் கீறினேன். நஞ்சு என்பதை மட்டும் காகிதத்தில் எழுதி ஒட்டினேன். காகிதம் நனைந்தால் கழன்றுவிடும் என்று ஏன் தோன்றவில்லை?

ஜூன் 11
தடிப்பு வற்றிவிட்டது. பிள்ளை வாசலில் கோழி துரத்துகிறான்.

கல்லூரிக் கூடத்து உதவியாளர், எனக்கு அண்ணன் போன்ற நுஹ்மான் நானாவுக்குத் தபால் போட்டேன்:

"நானா, காலியான நாலாம் இலக்கப் போத்தல்களைக் கடைக்கு விற்கவேண்டாம், உடைத்துவிடுங்கள். இனிமேல் கண்ணாடியிலேயே மண்டையோடு கீறுங்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் விளங்கட்டும். நாலாம் இலக்கத்தில் மொத்தம் எத்தனை போத்தல் வைத்திருந்தோம்? ஆறு என் கையில். தயவுசெய்து உடனே பதில் போடுங்கள்."