ஆறு தடவை சொன்ன ஆவல்

அன்புள்ள வாலுக்கு, உன்னை வளர்த்து ஆளாக்கிய சித்தப்பா எழுதுவது, நானும் சித்தியும் தையல் மெஷினும் நலம், நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இப்போது சொல்லப்போகும் கதையை ஈரேழு உலகத்திலும் ஒருவரும் நம்ப மாட்டார்கள், நீயும் நம்பாதே, ஆனால் கடைசிவரை படி.

தன் பேக்கரியை விட்டு மூன்று வருஷமாக உன்னை அசையவிடாத உன் வெளிநாட்டு மாமியார் ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுவார், அவருக்கு இங்கிலீஷ் மட்டும்தான் வரும், நல்லபடியாகப் பேசினால் எனக்கு ஊருக்கு வர லீவு கிடைக்கும், மானத்தை வாங்கிவிடாதீர்கள் என்று எழுதினாயே. உங்களைப் பார்க்க ஆவலாக இருக்கிறேன் என்பதற்கு நீ எழுதித் தந்த 'லுக்கிங் ஃபார்வர்ட் டு சீயிங் யூ' என்ற ஒரே வரியை நாற்பது நாள் ஊண் உறக்கமின்றிப் படித்தேன். 'ஃபா' சொல்ல உதட்டைக் கடித்துக் கடித்து முன்பல்லே ஆடிவிட்டது. 'டு' வந்த பிறகு வெறும் 'சீ' தானே வரணும், 'இங்' எதுக்கு வாலாட்டுது என்று டைப்பிங் டீச்சரம்மாவைக் கேட்டால், அது அப்படித்தான் அண்ணே, காரணம் கேட்டா இங்கிலீஷ் வராது என்று அடித்துச் சொல்லிவிட்டார். எதிர்க்கடை கூரியர்காரனோ 'இங்' இருந்தா என் மீசையை எடுத்துடுறேன் என்கிறான். யாரை நம்புவது? குழப்பத்தில் துணி வெட்டும் மேஜை முழுக்கச் சாக்பீஸால் எழுதிப் பார்த்ததில், டாக்டருடைய பேண்ட்டின் பின்பக்கத்தில் 'ஃபார்வர்ட்' ஒட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிவரை போய்வந்தது.

போன் வந்தது. 'இங்' உட்பட அந்த வரியைச் சொன்னேன் பார், தெருவே எழுந்து நின்றது. அந்தம்மா மடமடவென்று நீளமாக ஏதோ கேட்டார், ஒரு சொல் பிடிபடவில்லை, கைவசம் இருந்த சரக்கு ஒன்றுதான், அதையே மறுபடியும் சொன்னேன். இப்படி ஆறு தடவை. கடைசியில் சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார். என்னங்க சொன்னாங்க, எதுக்குத் தலைய ஆட்டுனீங்க என்று சித்தி என்னை உலுக்குகிறாள், எனக்கென்ன தெரியும்? அனுப்புகிறேன் என்றாரா, தானே வருகிறேன் என்றாரா, இல்லை, இந்த வருஷமும் அனுப்ப முடியாது என்றதற்குத்தான் ஆவலாக இருக்கிறேன் என்று சொல்லித் தொலைத்தேனா? சித்தியோ நீ வருவதாகவே முடிவுகட்டி, ஏழு யானை படுக்கும் மெத்தை ஒன்று வாங்கி உன் அறையில் போட்டுவிட்டாள்.

அதனால் நைசாக விசாரித்து உடனே எழுது. பேக்கரி அடுப்பருகே நிற்கிறவள், தண்ணீர் நிறையக் குடி. ஊருக்கெல்லாம் அளவெடுக்கிற இந்தக் கை அளவில்லாமல் உன்னை வாழ்த்துகிறது.

இப்படிக்கு,
இன்னமும் ஆவலாகவே இருக்கும் சித்தப்பா

பின்குறிப்பு: நாற்பது நாள் என்றது நாலு நாள். பல் ஆடவில்லை, பேண்ட் கடையைத் தாண்டவில்லை. மெத்தை மட்டும் நிஜம், இரண்டு பேர் படுக்கிற மெத்தைதான். நீ வந்து பிரிக்கட்டும் என்று சித்தி அதன் உறையைத் தொடவிட மாட்டேன் என்கிறாள்.