நல்லம்பள்ளியில் நின்ற பஸ்

என் அன்பு மாமாவுக்கு,

கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டீர்கள் என்று தெரிந்தும் கூப்பிடுகிறேன். நம் மகள் கௌரியைப் பற்றி ஒரு சேதி சொல்ல வேண்டும். நம்மைப் போலவே, பேச்சு வராத பிள்ளையை வைத்திருக்கிற வீட்டாரும் படிக்கட்டும் என்று உங்கள் சிநேகிதர் கனகராஜ் தம்பி எழுதச் சொன்னார். எட்டாவதோடு நின்றவள் நான். பிழை இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் போன அன்றைக்கே உங்கள் பழைய கம்ப்யூட்டரும் போய்விட்டது. சுவிட்சைப் போட்டால் உள்ளே விசிறிகூடச் சுற்றவில்லை. கௌரி சின்னவளாக இருந்தபோது அவளுக்கென்று நீங்கள் எழுதிய பஸ் விளையாட்டு அதற்குள்தான் இருந்தது. பெரியவளாகி என்ன, சாயங்காலம் ஆனால் அவளுக்கு அந்த பஸ் ஓட வேண்டும். தொப்பூரில் கிளம்பி, தக்காளிக் கூடைக்காரியை ஏற்றி, ஆட்டுக்குட்டியை ஏற்றி, நல்லம்பள்ளியில் குடை பிடித்த ஒரு ஆளை ஏற்றிக்கொண்டு, பாலக்கோட்டில் நம் வீட்டு வாசலில் வந்து நிற்க வேண்டும். அப்புறம்தான் சோறு. அப்புறம்தான் தூக்கம்.

பஸ் ஓடாத முதல் நாளே மணிக்கட்டைக் கடிக்க ஆரம்பித்தாள். சுவரில் தலையை மோதினாள். சுவருக்கும் அவள் தலைக்கும் நடுவில் தலையணையைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன். பக்கத்துத் தெருவிலிருந்து உங்கள் தங்கை சாந்தி ஓடி வருவாள்.

"அண்ணி, செல்லுல ஆயிரம் கேம் இருக்குதுங்க. வேற எதையாச்சும் போட்டுக் குடுங்க."

போட்டுக் கொடுத்தேன். செல்லைத் தூக்கி வாசலில் எறிந்தாள்.

கனகராஜ் ஓசூரிலிருந்து வந்து, பழைய பெட்டியின் டிஸ்கைக் கழற்றி, உள்ளே இருந்ததையெல்லாம் ஒரு லேப்டாப்புக்கு மாற்றினார். அதில் எமுலேட்டர் என்று ஒன்றைப் போட்டார். அது பழைய கம்ப்யூட்டர் மாதிரியே வேஷம் கட்டுமாம். பழைய புரோகிராமும் தன் வீட்டில்தான் இருக்கிறோம் என்று நம்பி ஓடுமாம். ஓடவும் செய்தது. அதே பச்சை பஸ், அதே ஹாரன். கௌரி கைதட்டினாள். நல்லம்பள்ளி வந்தது. பஸ் நின்றது. அதோடு சரி. குடைக்காரர் நின்ற இடத்திலேயே நின்றார். ஸ்பேஸ், என்டர், அம்புக்குறி, எதற்கும் பஸ் அசையவில்லை.

பாதி வழியில் நின்ற பஸ், ஓடாத பஸ்ஸைவிட மோசம் மாமா. அன்றைக்கு அவள் மணிக்கட்டில் ரத்தம் வந்துவிட்டது.

"எமுலேட்டர்ல என்னமோ ஒத்துக்கல அண்ணி. ஞாயித்துக்கெழம வந்து உள்ள எறங்கிப் பாக்கறேன்" என்றார் கனகராஜ்.

சொன்னபடி வந்தார். சாந்தி கௌரியை அடுத்த அறையில் பிடித்துக்கொண்டாள். இவர் பஸ்ஸை நல்லம்பள்ளிவரை ஓட்டி நிறுத்திவிட்டு, டிபக்கர் என்று ஒரு கறுப்புத் திரையைத் திறந்தார். ஓடுகிற புரோகிராமை அது அப்படியே பிடித்து நிறுத்தும். பிறகு நாம் சொல்லச் சொல்ல ஒவ்வொரு வரியாக நடக்கவிட்டு, உள்ளே எந்த எண் மாறுகிறது என்று காட்டும்.

"அண்ணி, நான் பாத்துப் பாத்து எழுதிக்கணும். சொல்லும்போது இந்தப் பட்டன ஒருக்கா அமுக்குங்க. ரெண்டு தடவ அமுக்கிடாதீங்க."

அழுத்தினேன். திரையில் வெளிச்சப் பட்டை ஒரு வரி இறங்கியது. ஒரு எண் நிறம் மாறியது. அடுத்த அறையில் தலை மோதும் சத்தம் கேட்டது. நான் அந்தப் பக்கம் திரும்பினேன்.

"அமுக்குங்க."

மறுபடியும் சுவரில் சத்தம்.

"அங்க பாக்காதீங்க அண்ணி. அமுக்குங்க."

கொஞ்ச நேரத்தில் எனக்கே புலப்பட்டது. "தம்பி, சுத்திச் சுத்தி அதே எடத்துக்குத்தான் வருதுங்க."

"ஆமாங்க. நானும் அதத்தான் பாத்துக்கிட்டு இருக்கறேன்." அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அண்ணி, இது கெட்டுப்போவல. காத்துக்கிட்டு இருக்குது."

"எதுக்குங்க?"

"ஒரே ஒரு பட்டனுக்கு. மேல் வரிசையில இருக்குற எஃப் பத்து. வேற எத அமுக்குனாலும் வேணாம்னு திரும்பிடுது. அண்ணன் வேணும்னேதான் இப்படி எழுதியிருக்காரு. அவரு அமுக்குனாத்தான் குடைக்காரரு ஏறுவாரு."

"எங்கண்ணன் நெசத்துலயும் பஸ்ஸ நிக்க வெச்சுட்டுத்தான் ஏறும்" என்று அடுத்த அறையிலிருந்து சாந்தி சொன்னாள். சிரித்தாளா அழுதாளா, எனக்குத் தெரியவில்லை.

வேலை முடிந்து நிஜமாகவே நீங்கள் பஸ் ஏறுகிற ஊர் நல்லம்பள்ளி. வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் அவளுக்கு வலது பக்கம் உட்காருவீர்கள். உங்கள் விரல் எங்கே இருந்தது என்று அடுப்படியில் நின்ற நான் என்றைக்குப் பார்த்தேன்? நாங்கள் எல்லோரும் பழுது, பழுது என்றோம். பஸ்ஸில் ஒரு குறையும் இல்லை, நீங்கள்தான் வரவில்லை என்பது அவள் ஒருத்திக்கு மட்டும் தெரிந்திருக்கிறது.

எனக்குக் கோபம் வந்தது மாமா. அவள் தனியாக அந்த பஸ்ஸுக்குள் போய்விடக் கூடாது என்றுதான் இப்படிச் செய்தீர்களா? நீங்கள் இல்லாத ஒரு சாயங்காலம் வரும் என்று ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லையா? யாரிடம் போய்க் கேட்பேன்?

"இந்தக் காத்திருப்ப எடுத்துடலாமுங்க அண்ணி. ஆளு தானா ஏறிக்குவாரு. இப்ப நான் மாத்தறது ஒத்திகைதான், மூடுனா அழிஞ்சிடும். சரியா வந்துச்சுன்னா அப்பறம் நெரந்தரமா எழுதிடறேன்."

எனக்கும் சர்க்கரை இருக்கிறது. கால் வீங்குகிறது. நாளைக்கு நானும் போய்விட்டால் அந்தப் பட்டனை யார் அழுத்துவார்கள்? அது ஒன்றுதான் மனதில் ஓடியது.

"எடுத்துடுங்க தம்பி" என்றேன்.

ஏதோ ஒரு எண்ணை மாற்றினார். கௌரியைக் கூட்டிவந்து உட்காரவைத்தோம். நல்லம்பள்ளி வந்தது. குடைக்காரர் குடையை மடக்கினார். தானாக ஏறினார்.

கௌரி ஒரு கத்து கத்தினாள். அப்படி ஒரு சந்தோஷம். ஆனால் அவள் திரையைப் பார்க்கவில்லை, வலது பக்கம் பார்த்தாள். எழுந்து அடுப்படிக்குப் போனாள். குளியலறைக் கதவைத் தள்ளிப் பார்த்தாள். வெளியே ஓடி உங்கள் ஸ்கூட்டர் சீட்டைத் தொட்டாள். கேட்டைத் திறந்துகொண்டு தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். திரும்பி வந்து எங்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

குடைக்காரர் ஏறிவிட்டால் அப்பா வீட்டில் இருக்கிறார். அவளுக்குத் தெரிந்த கணக்கு அது. அதில் நாங்கள் பொய்யைப் போட்டுவிட்டோம்.

"மூடுங்க தம்பி. எழுதிடாதீங்க."

"அண்ணி, உங்களுக்கப்பறம்..."

"அத நான் பாத்துக்கறேன். நீங்க மூடுங்க."

மூடித் திறந்தார். மாற்றியது அழிந்து, பஸ் பழையபடி ஆகிவிட்டது. கௌரி உட்கார மாட்டேன் என்று முரண்டு பிடித்தாள். இழுத்து உட்காரவைத்து, அவள் வலது பக்கம் நான் உட்கார்ந்தேன். நல்லம்பள்ளியில் பஸ் நின்றது. மணிக்கட்டு வாய்க்குப் போனது. என் விரலை அவள் கண்ணுக்கு நேராகத் தூக்கிக் காட்டினேன்.

"கௌரி, இங்க பாரு சாமி. அப்பா இல்ல. அம்மாதான் ஏத்தறேன்."

அழுத்தினேன். குடைக்காரர் ஏறினார். அவள் விரலைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். மறுபடியும் விரலைப் பார்த்தாள். மெதுவாகக் கையை வாயிலிருந்து இறக்கி ஸ்பேஸைத் தட்டினாள். பஸ் கிளம்பியது. கைதட்டவில்லை. ஆனால் எழுந்துபோய்த் தேடவும் இல்லை.

இப்போது தினமும் நான்தான் அழுத்துகிறேன். போன வாரம் ஒரு நாள், பஸ் வீட்டு வாசலுக்கு வந்த பிறகு என் மடியில் முகத்தை வைத்து அழுதாள். கடிக்காமல், மோதாமல், வெறுமனே அழுதாள். நீங்கள் போனதற்கு அவள் அழுதது அன்றைக்குத்தான். நானும் கூடவே அழுதேன்.

வெள்ளிக்கிழமை மட்டும் நான் தள்ளி உட்கார்ந்து சாந்தியை உட்காரவைக்கிறேன். முதல் வெள்ளியன்று அவள் கையைக் கௌரி கடித்துவிட்டாள். "கடிக்கட்டும் அண்ணி, எங்கண்ணன் மவதானே" என்று இன்னொரு கையால் பட்டனை அழுத்தினாள் உங்கள் தங்கை. சாந்திக்கு அடுத்து அவள் மருமகளைப் பழக்க வேண்டும். கனகராஜ் தன் வீட்டுக்காரியையும் கூட்டிவருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நீங்கள் ஒரு விரலை நம்பி எழுதினீர்கள். அவளுக்குப் பழகின விரல்கள் இன்னும் நாலைந்தாவது சேர்த்து வைக்காமல் நான் உங்களிடம் வரமாட்டேன். அவசரப்பட்டுக் கூப்பிட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
கௌரிக்கு வலது பக்கம் உட்கார்ந்திருக்கும்
உங்கள் மனைவி மாதம்மாள்