தட்டினால் தோண்டுவார்கள்

நில நடுக்கத்துக்கு மறுநாள், காலை 7:10

பதிவு செய்றது பெனிட்டா ரோச். இளைஞர் மீட்புக் குழு, முத்துக்குழிக் குடியிருப்பு, நிலா. எழுதப் பொறுமையில்ல, பேசிப் பதியுறேன்.

கிடங்குச் சுரங்கத்துல இருபத்தாறு பேர் இருக்கோம். ஆளுங்களை இங்க கூட்டிட்டு வந்த பிறகுதான் வந்த வழி இடிஞ்சு மூடிக்கிச்சு. நாங்க இங்க இருக்கிறது மேல யாருக்கும் தெரியாது. காத்து இருக்கு, தண்ணி இருக்கு. விண்ணுடை ஒண்ணே ஒண்ணு, அது என் மேல. மத்தவங்க எல்லாம் வீட்டு உடையில ஓடி வந்தவங்க. ரேடியோவுல மைக் நசுங்கிப்போச்சு. கேக்கும், பேசாது. என்னை மாதிரி வாயாடிக்கு வந்த சோதனையைப் பாருங்க.

ஆளுக்கு அரை ரொட்டி கொடுத்தாச்சு. ஜெபராணி அக்காவுக்கு எட்டு மாசம், அவங்களுக்கு மட்டும் முழுசு. யாரும் முணுமுணுக்கல.

காலை 9:40

வடக்குச் சுவர்ல காதை வச்சேன். தட்டுற சத்தம்! ஆண்டவரே!

அந்தப் பக்கம் வெளிவேலைச் சுரங்கம். அங்க காத்தே கிடையாது, வேலை பாக்குறவங்க எப்பவும் விண்ணுடையிலதான் இருப்பாங்க. நடுக்கம் வந்தப்ப ஆறு பேர் உள்ள இருந்தாங்கன்னு தெரியும். பாவம், மாட்டிக்கிட்டாங்க போல.

பயிற்சியில சொன்னபடி மூணு தட்டு தட்டினேன். நாங்க இருக்கோம், தைரியமா இருங்கன்னு அர்த்தம். மூணு திரும்பி வந்துச்சு. இங்க எல்லாரும் அழுதுட்டாங்க. எங்க பாடே திண்டாட்டம், இதுல இன்னொருத்தருக்குத் தைரியம் சொல்றோம்னு அவ்வளவு சந்தோஷம். பிள்ளைங்க கரண்டியை எடுத்துட்டு வந்து முறை போட்டுத் தட்டுதுங்க.

மதியம் 1:15

துளை போடுற சத்தம் கேக்குது. சரி, அந்த ஆறு பேரை மீட்க ஆள் வந்தாச்சுன்னு கை தட்டினோம். அப்பத்தான் ரேடியோ பேசுச்சு.

"கட்டுப்பாட்டறை அறிவிப்பு. வெளிவேலைக்காரங்க ஆறு பேரும் நேத்தே மேல வந்துட்டாங்க, பத்திரமா இருக்காங்க. அவங்களைத் தேடிப்போன இளைஞர் குழு உடனே திரும்பி வரவும்."

அப்ப தட்டுறது யாரு?

காதை வச்சுக் கவனிச்சேன். மூணு தட்டுக்கு அப்புறம் சின்னதா ஒரு தாளம். எங்க குழுவுல சிக்கந்தர் ஒருத்தன்தான் சாப்பாட்டு மேசையில அப்படித் தட்டி உயிரை வாங்குவான். அவனேதான். அந்த ஆறு பேருன்னு நான் அவனை நினைச்சேன். அவனும் என்னை அப்படியே நினைச்சிருக்கான்.

உள்ள இருக்கிறவங்க விண்ணுடை போட்டிருக்காங்கன்னு நம்பினா, காத்து வெளியேறாம இருக்கத் துளையைச் சுத்திக் கூடாரம் கட்ட மாட்டான். நேரா உடைப்பான். உடைச்சா எங்க காத்து மொத்தமும் அந்தப் பக்கம் போயிடும்.

பயமா இருக்கு.

மதியம் 1:40

கரண்டிகளைப் பிடுங்கினேன். தட்டாதீங்கன்னு கத்தினேன். ஒரு சத்தம் இல்ல.

துளைச் சத்தம் கூடிருச்சு.

ஐயோ, பயிற்சி. தட்டுறது நின்னா உள்ள இருக்கிறவங்க மயங்கிட்டாங்க, காத்திருக்காதே, வேகமா தோண்டு. எல்லாரும் ஒண்ணா உக்காந்து ஒப்பிச்சோமே.

நிறுத்துன்னு சொல்றதுக்குப் பயிற்சியில தட்டே கிடையாது. மறுபடி தட்டினேன். கண்டபடி, கை வீங்குற அளவுக்கு. அந்தப் பக்கமும் கண்டபடி பதில் தட்டுறாங்க. குஷியாயிட்டாங்க. தட்டினாலும் தோண்டுறாங்க, தட்டாட்டியும் தோண்டுறாங்க.

மதியம் 2:05

மாவைத் தண்ணி விட்டுக் குழைச்சு விரிசல்ல அப்பினோம். பிரயோசனம் இல்லன்னு தெரியும். சும்மா உக்காந்திருக்க முடியல.

விண்ணுடையைக் கழட்டி ஜெபராணி அக்காவுக்கு மாட்டிவிட்டேன். வயிறு இடிச்சு ஜிப் ஏறல, மூணு பேர் சேர்ந்து இழுத்தோம். வேணாம் வேணாம்னு அழுதாங்க, திட்டினேன். எனக்குப் பெரிய மனசுன்னு நினைச்சிராதீங்க. கழட்டின அந்த நிமிஷமே திரும்பக் கேக்கணும்போல இருந்துச்சு. இப்பவும் இருக்கு.

மதியம் 2:20

சுவர் மெலிஞ்சிருச்சு. அவன் குரல் ரேடியோவுல சுத்தமா கேக்குது.

"ஏ, உள்ள இருக்கிறவங்களா! நான் சிக்கந்தர், மீட்புக் குழு! கட்டுப்பாட்டறை என்னமோ சொல்லுது, வெட்டி வெட்டி வருது. அது கிடக்கட்டும், உங்களை எடுத்துட்டுப் பேசிக்கலாம்!"

எல்லாரும் கத்துறோம். அந்தப் பக்கம் காத்தே இல்ல, கத்தினா எங்க கேக்கும்.

"இன்னும் ஒரு சாண்தான்! தட்டிக்கிட்டே இருங்க!"

மாவு உதிருது. காது அடைக்குது. பிள்ளைங்களை நடுவுல விட்டுச் சுத்தி உக்காந்திருக்கோம். சிக்கந்தரு, நான்டா. பெனிட்டாடா. கையை எடுடா, நான்தான்டா இங்க

"வெளிச்சம் தெரியுது! அண்ணே, பயப்படாதீங்க! வந்துட்டோம்ல!"