இருபத்தெட்டு முடிச்சு

ஜெலாப்பாங், ஈப்போ
1927 பிப்ரவரி 18, வெள்ளிக்கிழமை

நாகப்பட்டினத்தில் இருக்கும் மச்சான் பக்கீர் முகம்மது அவர்களுக்கு முத்து முகம்மது சலாம் சொல்லி எழுதுவது. ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு முழங்கால் வலியைத் தவிர குறை ஒன்றும் இல்லை. நீங்களும் தங்கை நஜீமாவும் சுகமாக இருக்க துஆ கேட்கிறேன்.

மேலே படிப்பதற்கு முன், இதை உங்களுக்குப் படித்துக் காட்டும் தபால்காரர் பிச்சைமுத்து அவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐயா, கூச்சப்பட்டு எந்த வரியையும் விட்டுவிட வேண்டாம். உரக்கப் படியுங்கள். வாசலில் ஆள் நின்றால் நிற்கட்டும். மச்சானுக்கு எழுத்து தெரியாது என்பதை நான் பத்துப் பேர் முன்னால் சொன்னவன். இதையும் பத்துப் பேர் கேட்பதுதான் முறை.

மச்சான், படகில் உங்களை வாடா போடா என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். தாளில் அப்படி எழுத வரவில்லை. நஜீமா சிரித்தால் சிரிக்கட்டும்.

இங்கே ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும் மாதம். பால் குறைவு, தோட்டத்தில் வேலை மந்தம். தோட்டத்துத் துரைக்கு அதனால் தன் பாய்மரப் படகின் நினைப்பு வந்துவிட்டது. படகு நிற்கும் லூமுட் துறையிலிருந்து பாய்களையெல்லாம் லாரியில் கொண்டுவந்து, ரப்பர் தகடு அடுக்கும் ஸ்டோரில் போட்டிருக்கிறோம். கிழிந்த பெரிய பாயை நான் ஒருவனாகத் தைக்கிறேன். எல்லாவற்றிலும் புகை வாடை. நீங்கள் இருந்தால் நாளெல்லாம் தும்மிக்கொண்டிருப்பீர்கள்.

அந்தப் பெரிய பாயைப் பற்றித்தான் எழுத வேண்டும். பிச்சைமுத்து அவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் உங்களுக்குத் தெரிந்ததையும் எழுதுகிறேன். காற்று செத்துக் கிடக்கும் நேரத்தில், படகு நகர்வதற்காகப் படகின் மூக்கில் விரிக்கும் பாய் அது. துணி மெல்லியது, அளவோ படகிலேயே பெரியது. காற்று வலுத்தால் உடனே எடுத்துவிட வேண்டும். முன்பு அதற்கு ஒரு ஆள் முன்னால் நீண்டிருக்கும் கட்டையின் நுனி வரைக்கும் தவழ்ந்து போவான். அந்த ஆள் எப்போதும் நீங்கள்தான். சீமையில் இதற்குப் பாய் சுருட்டும் கருவி வந்திருக்கிறது என்று துரை போன வருஷம் கேட்லாக் வரவழைத்தார். பாயின் அடிமுனையில் கயிறு சுற்றிய பித்தளை உருளை, தலைமுனையில் தானாகச் சுழலும் கொக்கி. பின்னால் உட்கார்ந்தபடி கயிற்றை இழுத்தால் உருளை சுழன்று பாய் தன்மேல் தானே சுருண்டுகொள்ளும். யாரும் முன்னால் போக வேண்டாம்.

எது நமக்குச் சரி என்று பார்த்துச் சொல் என்று துரை கேட்லாக்கை என் கையில் கொடுத்தார். உங்கள் கையில் கொடுக்கவில்லை. இங்கிலீஷை நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை. சிகரெட் டின்னிலும் ரயில் ஸ்டேஷன் பலகையிலும் எழுத்துக் கூட்டிப் படித்தவன். அந்தத் திமிர் எனக்கு உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஒரு பக்கத்தில் 'லைட்' என்று போட்டு ஒரு சின்னக் கருவி இருந்தது. லைட் என்றால் லேசு. நம் பாய் லேசான துணி. பென்சிலால் அதில் வட்டம் போட்டுக் கொடுத்தேன். கீழே இருந்த எண்களை நான் படிக்கவே இல்லை.

கருவி வந்து லூமுட் பாலத்தடியில் மாட்டிப் பார்த்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். காற்றே இல்லை. ஒரே இழுப்பில் பாய் முழுக்கச் சுருண்டது. நான் எல்லோரையும் பார்த்துச் சிரித்தேன். நீங்கள் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னீர்கள்: "மச்சான், காத்தில்லாதப்ப பாயி தொளதொளன்னு சுத்திக்கிடுது. காத்தடிச்சா இறுக்கிச் சுத்தும். இறுக்கிச் சுத்துனா சுத்து கூடும்லா? இந்த உருளைல இருவது சுத்துக்கு மேல கயிறு புடிக்காது."

மறுநாள் நீங்கள் தனியாக உட்கார்ந்து பாயை அதன் முன்விளிம்புக் கம்பியோடு இறுக்கிச் சுருட்டி, ஒரு சுற்றுக்கு ஒரு முடிச்சாக மீன் கயிற்றில் போட்டுக்கொண்டுவந்து என்னிடம் நீட்டினீர்கள். நான் அதை எண்ணவில்லை. சுருட்டி உங்கள் முகத்தில் எறிந்தேன். "கேட்லாக்கத் தலகீழாப் புடிச்சாலும் ஒனக்குத் தெரியாது. முடிச்சுப் போட்டு எனக்குப் பாடம் சொல்ல வந்துட்டியா?" என்றேன். மலாய்க்காரப் படகோட்டிகளுக்கும் விளங்க வேண்டுமென்று அதை மலாயிலும் சொன்னேன். அவர்கள் சிரித்தார்கள்.

ஆகஸ்டில் பங்கோர் தீவுக்கு வெளியே விடியும் வேளையில் சுமத்ராப் பக்கத்துச் சூறைக்காற்று அடித்ததை நான் எழுத வேண்டியதில்லை. நான் கயிற்றை இழுத்தேன். இருபது சுற்றோடு உருளையில் கயிறு தீர்ந்துவிட்டது. பாயில் மூன்றில் ஒரு பங்கு இன்னும் வெளியே நின்று அடித்துக்கொண்டிருந்தது. நான் போ என்று சொல்லவில்லை. நீங்களாகத்தான் கட்டை நுனிக்குத் தவழ்ந்து போனீர்கள். சுருட்டியது அவிழ்ந்து உருளை திரும்பச் சுழன்றபோது உங்கள் வலது கையின் இரண்டு விரல்கள் கயிற்றுக்கும் பித்தளைக்கும் நடுவில் இருந்தன.

கரைக்கு வந்ததும் கயிறு ஏன் பற்றவில்லை என்று துரை கேட்டார். உருளையில் கயிற்றைச் சுற்றியது நீங்கள். அது உண்மை. அந்த உண்மையைப் பிடித்துக்கொண்டு, "டியா சாலா, துவான்" என்றேன். அவன் தப்பு, துரை. மூன்றே சொல். நீங்கள் கையில் துணி சுற்றிக்கொண்டு பக்கத்தில் நின்றீர்கள். என்னை ஒரு தரம் பார்த்தீர்கள். பெண்டாட்டியின் அண்ணன் என்று வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கே கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார்கள். உங்கள் இருவரையும் பினாங்கில் கப்பலேற்றிவிட நான் வரவில்லை. முழங்கால் வலி என்று நஜீமாவிடம் சொன்னேன். அன்றைக்கு வலி இல்லை.

இத்தனை மாதம் எனக்கு நானே ஒன்று சொல்லிக்கொண்டிருந்தேன்: அவன் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம். எனக்கு உங்கள் மேல் கோபம்கூட இருந்தது. சொல்லாமல் போய்விட்டானே, என்னைக் கெட்டவனாக்கிவிட்டுப் போய்விட்டானே என்று.

போன வாரம் துரை புதிய கேட்லாக்கையும் பழையதையும் கொடுத்து, கருவியை மறுபடி தேர்ந்தெடுக்கச் சொன்னார். அவற்றை ஸ்டோருக்குக் கொண்டுவந்தவர் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி கார்த்திகேசு. யாழ்ப்பாணத்தார், இங்கிலீஷ் நன்றாகப் படித்தவர். பழையதைப் புரட்டியவர் என் பென்சில் வட்டத்தைப் பார்த்து நின்றுவிட்டார். "உதை ஆர் குறிச்சது? லைட் எண்டு உதில போட்டிருக்கிறது சின்னப் படகின்ர பாய்க்கு. உங்கட பாய் லேசான காத்துக்கு விரிக்கிற பெரிய பாய் எல்லோ? காத்து லேசு எண்டா பாயும் லேசே?" என்றார். அவர் கேலி செய்யவில்லை. கேலி செய்திருந்தால் நானும் திருப்பிக் கேட்டிருப்பேன்.

அவர் போன பிறகு பாயை விரித்தேன். அது வந்த சாக்குப் பையை உதறியபோது உங்கள் மீன் கயிறு விழுந்தது. நான் எறிந்தபோது பைக்குள்தான் போய் விழுந்திருக்கிறது. ஸ்டோர் ஆட்கள் இருவரைக் கூப்பிட்டு, பாயைக் கம்பியோடு இறுக்கிச் சுருட்டச் சொல்லி எண்ணினேன். இருபத்தெட்டு. பிறகு உங்கள் முடிச்சுகளை எண்ணினேன். ஒன்றாவது குறையாதா, ஒன்றாவது கூடாதா என்று மூன்று தரம் எண்ணினேன். இருபத்தெட்டுதான்.

ஞாயிற்றுக்கிழமை பங்களாவுக்குப் போனேன். கிராணியும் இருந்தார், இருக்கட்டும் என்று அவர் முன்னாலேயே சொன்னேன். "சாயா சாலா, துவான்." என் தப்பு, துரை. இதுவும் மூன்று சொல்தான், முதல் சொல்தான் வேறு. இதைச் சொல்ல ஆறு மாதமாகியிருக்கிறது. துரை சத்தம் போடவில்லை. அப்படியானால் போயிருக்க வேண்டியவன் நீ என்றார். ஆமாம் என்றேன். பக்கீர் வந்தால் உனக்குப் பதில் அவன்தான் படகுக்குத் தலைவன், செராங்; வராவிட்டால் பினாங்கிலிருந்து வேறு ஆள் பார்ப்பேன் என்றார். நான் இருப்பதும் போவதும் புது செராங் சொல்வதைப் பொறுத்தது. நியாயம்தான்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். பாய் ஏற்றும் கயிற்றின் கப்பியை மாற்ற வேண்டும் என்று அப்போதே நான் சொன்னேனே, அது சரிதான். கிராணி கேட்லாக்கைப் படித்துப் பார்த்து ஒத்துக்கொண்டார். அதில் நான் இறங்கி வரமாட்டேன்.

இப்போது விஷயம். கிராணி எண்களைப் படித்துச் சொன்னதில் நமக்குத் தோதாக இரண்டு கருவி இருக்கிறது. ஒன்றின் உருளை முப்பது சுற்றுக் கயிறு பிடிக்கும். இன்னொன்று நாற்பது பிடிக்கும், ஆனால் கனம் அதிகம், காற்றில்லாத நேரத்தில் படகின் மூக்கை அழுத்தும். இரண்டு சுற்று மிச்சம் போதுமா, புதுக் கயிறு நனைந்து பருத்தால் என்ன ஆகும், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உண்மையிலேயே தெரியவில்லை. பென்சிலைக் கிராணியிடம் கொடுத்துவிட்டேன். நோன்புப் பெருநாள் கழிந்து பத்து நாள் வரைக்கும் சீமைக்கு எழுதாமல் வைத்திருக்கத் துரை சம்மதித்திருக்கிறார்.

உங்கள் கயிற்றை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். பிச்சைமுத்து அவர்கள் அதை மச்சான் கையில் கொடுக்க வேண்டும். முப்பது போதும் என்றால் கயிறு இப்படியே இருக்கட்டும். நாற்பது வேண்டுமென்றால் கடைசியில் ஒரு முடிச்சு கூடப் போடுங்கள். அந்தக் கையால் முடியாவிட்டால் நஜீமா போடட்டும். எண்ணிக்கை உங்களுடையது.

ஆனால் மச்சான், கயிற்றைத் தபாலில் அனுப்பாதீர்கள். கையில் கொண்டுவாருங்கள். பினாங்குக் கரையில் நான் நிற்பேன். முழங்கால் வலித்தாலும் நிற்பேன். வரவே மாட்டேன் என்றால் அதையும் பிச்சைமுத்து அவர்களை எழுதச் சொல்லுங்கள். இங்கே யார் முன்னாலும் அதை உரக்கப் படிக்கச் சொல்லி நான் கேட்பேன்.

அந்தக் கைக்கு அல்லாஹ் சுகம் கொடுக்கட்டும். அந்தக் கை பிடித்த என் தங்கையின் கையையும் அவனே காக்கட்டும்.

இப்படிக்கு,
படகில் இனி இரண்டாம் ஆள்
முத்து முகம்மது